மலைக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு: பழனிப் பாதையிலிருந்து குரங்கணி வரை

எங்க ஊர் பேர்லயே கிரி இருக்கு. மலைதான் இல்லை. மானகிரியில் எங்கே நின்று சுற்றிப் பார்த்தாலும் பொட்டல், கண்மாய்க் கரை, கருவேலம். மலை பார்க்கணும்னா பக்கத்தில் குன்றக்குடி. அது பேரைப் போலவே குன்று. கொஞ்சம் பெரிசா வேணும்னா சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை. அதற்கு மேல் வேண்டுமென்றால் திண்டுக்கல், தேனி என்று பஸ் ஏற வேண்டியதுதான். அதனாலோ என்னவோ, எனக்குச் சின்ன வயசிலிருந்தே மலைப் பைத்தியம்.

இந்தப் பதிவு மலையேற்றம் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது இல்லை. எப்போது செய்வது என்ற கேள்வியின் வரலாறு. மலைக்குப் போக இதுதான் காலம் என்று யார் முடிவு செய்தார்கள்? எதை வைத்து முடிவு செய்தார்கள்? இதைத் தோண்ட ஆரம்பித்ததற்கு ஒரு பழைய போட்டோ காரணம். அது பின்னால் வரும்.

தை: நடப்பவர்களின் கணக்கு

செட்டிநாட்டுக்காரர்களுக்கு மலைப் பயணம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பழனிதான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடி கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து போவது நகரத்தார் மரபு. நானூறு வருஷப் பழக்கம் என்று சொல்வார்கள். இன்று எல்லாச் சமூகத்தாரும் அந்தப் பாதையில் நடக்கிறார்கள்.

எங்க சித்தப்பா முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தவர். ஏன் தையில் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பக்திக் கதை ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"அட, அறுப்பு முடிஞ்சிருக்கும்ப்பா. வயக்காடு காஞ்சு நடக்கத் தோதா இருக்கும். ஆனா கம்மாயில தண்ணி கெடக்கும், குளிக்க குடிக்கக் கவலை இல்ல. வெயிலும் ஏறியிருக்காது. மாசி பொறந்துட்டா தார் ரோட்டுல காலு வைக்க முடியுமா?"

யோசித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அதன் பலன் கண்மாயில் நிற்கும்போதே, வெயில் ஏறுவதற்குள் நடந்து முடித்துவிட வேண்டும். தைப்பூசம் ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வருகிறது. நடக்கிறவனின் கால், குடிக்கிற தண்ணீர், வீட்டில் விட்டுவந்த வேலை மூன்றும் ஒத்துவருகிற ஜன்னல் அது. சாமி பேரில் ஒரு பருவக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

மே: சமவெளியின் கணக்கு

பழனிக் கோயிலுக்குத் தெற்கே சுவர் மாதிரி நிற்பது பழனி மலைத்தொடர். அதன் மேலே சுமார் 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல். அங்கே உள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கீழே பழனி தெரியும். அந்தக் கோயிலை 1936-ல் கட்டுவித்தவர் லேடி ராமநாதன். சைவராகி, இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவர். கீழே பழனிக்கும் மேலே கொடைக்கானலுக்கும் இடையில் பார்வைக்கு எட்டும் தூரம்தான். ஆனால் இரண்டும் ஓடுவது வேறு வேறு காலண்டரில்.

கொடைக்கானலின் கதை சாவிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்க மிஷனரிகள் 1834-ல் மதுரையில் தங்கள் மிஷனைத் தொடங்கினார்கள். காலராவும் காய்ச்சலும் அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் கொண்டுபோயின. முதலில் தப்பிக்கச் சிறுமலைக்குப் போனார்கள். அங்கேயும் மலேரியா விடவில்லை. இன்னும் உயரமாகப் போக வேண்டும் என்று தேடி, 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். பிறகு மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஏரியை அமைத்தார். இன்று நாம் கடலை கொறித்துக்கொண்டு நடக்கும் கோக்கர்ஸ் வாக், லெப்டினன்ட் கோக்கர் பெயரில் 1872-ல் வந்தது. 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. அந்த ஸ்டேஷனுக்குத்தான் கொடைக்கானல் ரோடு என்று பெயர்.

ஸ்டேஷனிலிருந்து மலை மேலே? மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை. அங்கிருந்து செங்குத்தான கூலிப் பாதை. துரைமார்களும் துரைசானிகளும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து போக, நம்ம ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மோட்டார் போகும் மலைப்பாதை பொதுமக்களுக்குத் திறந்தது 1916-ல்தான். இந்த டோலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில்தான் 'சீசன்' என்ற சொல் நம்ம பேச்சுக்குள் வந்தது. ஏப்ரல், மே. ஏன் அந்த மாதங்கள்? மலை அப்போதுதான் ரொம்ப அழகு என்பதாலா? இல்லை, மதுரையும் சென்னையும் தாங்க முடியாத சூடு என்பதால். பள்ளிக்கூடமும் கோர்ட்டும் அப்போதுதான் லீவு. 1870-களிலிருந்து மெட்ராஸ் அரசாங்கமே வெயில் வந்ததும் ஊட்டிக்கு ஏறிவிடும். அதாவது சீசனைத் தீர்மானித்தது மலையின் நிலைமை இல்லை, சமவெளியின் நிலைமை. மலை ஏதோ ஏசி ரூம் மாதிரி.

வெள்ளைக்காரன் போனான், சீசன் போகவில்லை. இன்றைக்கும் மே மாதம் என்றால் ஊட்டி, கொடைக்கானல். கூட்டம் எந்த அளவுக்குப் போனது என்றால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலிலிருந்து கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள்தான் என்று எண்ணிக்கையே வைத்தார்கள். 180 வருஷத்துக்கு முன்னால் இரண்டு பங்களாவில் தொடங்கிய பழக்கத்துக்கு இப்போது லோடு பேலன்சிங் தேவைப்படுகிறது.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். அதே மலையில் பருவத்தைப் புரிந்துகொள்ளவே ஒரு நிறுவனம் வந்தது. பஞ்சத்தில் அடிபட்ட மாகாணத்தில், சூரியனைக் கவனித்தால் மழையின் போக்கு பிடிபடுமா என்ற கேள்வியும் சேர்ந்துதான் 1899-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைக் கொண்டுவந்தது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். மலை உச்சியில் ஒருவர் வானத்தின் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். கீழிருந்து வந்தவர்கள் லீவு காலண்டரைப் பார்த்து வந்தார்கள்.

வேலைப் பாதைகள்

கொடைக்கானலிலிருந்து மேற்கே பேரிஜம், வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷனுக்கும் மூணாறுக்கும் ஒரு பழைய ரோடு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்தால் தப்பிக்க என்று சீர்செய்ததால் 'எஸ்கேப் ரோடு' என்று பெயர். இப்போது போக்குவரத்து இல்லை. இந்த ரோட்டைச் சொல்வதற்குக் காரணம், அது போய்ச் சேரும் டாப் ஸ்டேஷன்தான். அதற்கு நேர் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம், போடிக்கு மேலே இருக்கிறது குரங்கணி.

டாப் ஸ்டேஷன் என்ற பேரைக் கேட்டு ரொம்ப நாள் அது ஏதோ வியூ பாயின்ட் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே அது ஸ்டேஷன். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னர் அங்கே தேயிலை வந்தது. விளைந்த தேயிலையைக் கீழே இறக்க வேண்டுமே? 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908-ல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். ரயில் வந்து நிற்கும் மேல் முனை டாப் ஸ்டேஷன். அங்கிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அது பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூர். 1924 ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்ததில் அந்த ரயில் பாதையே அடித்துப்போனது. திரும்பக் கட்டவே இல்லை. மலைக்குத் தன் கணக்கு உண்டு என்று காட்டிய சம்பவங்களில் இதுவும் ஒன்று.

இன்று நாம் ட்ரெக்கிங் பாதை என்று சொல்லும் குரங்கணிப் பாதைகள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். தோட்டத் தொழிலாளர்கள் ஏறி இறங்கியவை, கழுதையில் சுமை போனவை, மாடு மேய்ப்பவர்கள் போட்டவை. அந்தப் பாதைகளில் நடந்தவர்களுக்கு எந்த மாதம் எந்தச் சரிவு எப்படி இருக்கும் என்று தெரியும். பாதை நம்மிடம் வந்தது. அந்த அறிவு கூடவே வரவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்

இப்போது என் கதை. 2012 பிப்ரவரி கடைசி. சென்னையில் வேலை. ஆபீஸ் நண்பர்கள் பதினோரு பேர். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, சனிக்கிழமை போடியில் இட்லி சாப்பிட்டு, குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமை திரும்பி, திங்கள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் தூங்கி வழிவது. எங்கள் தலைமுறை ஐடிக்காரர்களில் பாதிப் பேரிடம் இந்தக் கதை இருக்கும்.

தேதியை எப்படி முடிவு செய்தோம்? யாருக்கும் ரிலீஸ் இல்லாத வாரம். அவ்வளவுதான். மலையில் அப்போது என்ன நிலைமை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்களோடு வந்த உள்ளூர் பெரியவர் மட்டும் கிளம்பும்போதே சொன்னார்: "தம்பி, புல்லு காஞ்சு கெடக்கு. பீடி, சிகரெட்டு, தீப்பெட்டி எதுவும் மேல எடுத்துட்டு வராதீங்க." எங்களில் ஒருத்தன் சிரித்தான். ஆனாலும் சிகரெட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டான்.

வழியில் ஒரு சரிவு முழுக்கக் கறுப்பு. போன வாரமோ அதற்கு முந்தைய வாரமோ எரிந்திருக்க வேண்டும். கறுப்புத் தரையில் சாம்பல், நடுவில் வாடிய பாறைகள். "செம்ம பேக்கிரவுண்டுடா" என்று அதன் முன்னால் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஆரம்பத்தில் சொன்ன போட்டோ அதுதான். ஆறு வருஷம் அது என் லேப்டாப்பில் வால்பேப்பராகக் கிடந்தது.

2018 மார்ச் 11

அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, பெரும்பாலும் பெண்கள், மகளிர் தினத்தை ஒட்டி வந்தவர்கள். ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இன்னொரு குழு. எங்களை மாதிரியே வார இறுதிக் கணக்கு. சனிக்கிழமை ஏறி, கொழுக்குமலையில் தங்கி, ஞாயிறு குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் காய்ந்த புல்வெளியில் தீ அவர்களைச் சுற்றிக்கொண்டது. சிதறி ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். அங்கேயும் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள்.

சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் முதலில் ஓடி ஏறியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் மலையில் வாழ்பவர்களும்தான். எரிந்த உடம்புகளைப் போர்வையிலும் டோலி கட்டியும் தோளில் சுமந்து இறக்கினார்கள். கொடைக்கானலுக்கு நோய்க்குப் பயந்து ஏறியவர்களைத் தூக்கிய அதே முறை. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் மலையில் ஆபத்து என்று வந்தால் கடைசியில் மனிதத் தோள்தான். கொடைக்கானல் பக்கம் வெள்ளகவி போன்ற ஊர்களில் நோயாளிகளை டோலியில் தூக்கிவருவது இன்னும் நின்றபாடில்லை. எனவே அது அவர்களுக்குப் புதுசும் இல்லை.

அன்று ராத்திரி டிவி பார்த்துவிட்டு அந்த போட்டோவைத் திறந்தேன். அந்தக் கறுப்புச் சரிவு. நாங்கள் போனது மார்ச்சுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால். எங்களைக் காப்பாற்றியது எங்கள் புத்திசாலித்தனம் இல்லை. நாங்கள் போன வாரத்தில் அந்தச் சரிவு ஏற்கெனவே எரிந்து முடிந்திருந்தது.

புல், சரிவு, காற்று

அதற்குப் பிறகுதான் தீயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று விஷயம் புரிந்தது.

முதலாவது, புல். மழைக்காலத்தில் ஆளுயரம் வளர்ந்த புல் ஜனவரிப் பனியில் கருகி, பிப்ரவரி, மார்ச்சில் வைக்கோலாகிவிடும். மெல்லிய எரிபொருள் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப சுமார் ஒரு மணி நேரத்தில் தன் ஈரத்தை மாற்றிக்கொள்ளும். காலை ஏழு மணிக்குப் பனியில் உங்கள் பேன்ட்டை நனைத்த அதே புல், மதியம் இரண்டு மணிக்கு ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

இரண்டாவது, சரிவு. தீ மேல்நோக்கிப் போகும்போது அதன் ஜுவாலை முன்னால் உள்ள புல்லைச் சாய்ந்து சூடாக்கிவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. 30 டிகிரி என்றால் எட்டு மடங்கு. மனிதன் ஓடும் வேகமோ சரிவு கூடக் கூடக் குறைகிறது. இந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் உயிர் போகிறது.

மூன்றாவது, காற்று. பகலில் சூடான மலைச் சரிவில் காற்று கீழிருந்து மேலே ஏறும். மதியம் அது உச்சத்தில் இருக்கும். தீயையும் கூடவே ஏற்றும்.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற இடம். 1949 ஆகஸ்ட் 5. பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் பயிற்சி பெற்ற வீரர்கள், நல்ல உடல்கட்டுள்ள இளைஞர்கள், காய்ந்த புல் சரிவில் தீக்கு முன்னால் மேல்நோக்கி ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் மூன்று பேர்தான். அதில் ஒருவர் குழுத் தலைவர் வாக் டாட்ஜ். அவர் ஓடுவதை நிறுத்தினார். தனக்கு முன்னால் இருந்த புல்லில் தானே தீ வைத்து, அது எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். பெரிய தீ அவரைத் தாண்டிப் போனது. ஏற்கெனவே எரிந்த இடம்தான் பத்திரமான இடம். எங்கள் போட்டோவின் கறுப்புப் பின்னணிக்கு அர்த்தம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

பயிற்சி பெற்றவர்களாலேயே ஓடி ஜெயிக்க முடியாத விஷயம் இது. குரங்கணிக்குப் பிறகு, ஷூ சரியில்லை, உடற்பயிற்சி இல்லை, பெண்கள் ஏன் போனார்கள் என்றெல்லாம் ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாமே வீண் பேச்சு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மார்ச் மாதம் அந்தப் புல்வெளி ஏன் ஆள் நடமாட்டத்துக்குத் திறந்திருந்தது?

நம்மிடம் ஏற்கெனவே இருந்த கணக்கு

ஐந்திணையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை என்று மனப்பாடம் செய்து மறந்திருப்போம். அதில் பெரும்பொழுது என்று ஒன்று உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் இடத்தோடு காலத்தையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். அதாவது ஐப்பசி முதல் தை வரை. பின்பனி, அதாவது மாசியும் பங்குனியும், பாலைக்கு உரியது. இளவேனிலும் முதுவேனிலும் அப்படியே. காய்ந்துபோன குறிஞ்சியும் முல்லையும்தான் பாலை என்ற கருத்தும் நம் மரபில் உண்டு.

2018 மார்ச் 11 தமிழ்க் கணக்கில் மாசி மாதக் கடைசி வாரம். பழைய கணக்குப்படி பார்த்தால் அன்று அவர்கள் நடந்தது குறிஞ்சியில் இல்லை, பாலையில். அதே மலைதான், அதே பாதைதான். ஆனால் காலம் மாறினால் நிலத்தின் பெயரே மாறிவிடுகிறது.

தொல்காப்பியத்தில் காட்டுத் தீ மேலாண்மை இருந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த மாதிரி வாட்ஸப் செய்தி எழுதுவது என் வேலை இல்லை. திணை என்பது கவிதைக்கான இலக்கணம். ஆனால் இடத்தையும் காலத்தையும் பிரிக்காமல் யோசிக்கும் ஒரு பழக்கம் இந்த மொழிக்குள் இருந்திருக்கிறது. தையில் நடக்கச் சொன்ன சித்தப்பாவின் கணக்கும் அதே பழக்கம்தான்.

ஒரே விடை கிடையாது

குரங்கணிக்குப் பிறகு அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு ஆன்லைன் பதிவில் போகும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் குரங்கணியும் உண்டு. முக்கியமான விஷயம், அடுத்த ஆண்டு பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று எல்லாப் பாதைகளையும் மூடினார்கள். மலையின் காலண்டர் முதல் தடவையாக முன்பதிவு காலண்டருக்குள் வந்திருக்கிறது. ஒரு சாப்ட்வேர்க்காரனாக இதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

ஆனால் தீக்காலத்தைத் தவிர்த்துவிட்டால் மீதி எல்லாம் பத்திரம் என்று இல்லை. வெள்ளியங்கிரியில் பக்தர்கள் ஏறுவது சரியாக பிப்ரவரி முதல் மே வரைதான். மழைக்காலத்தில் அந்த ஏழு மலையும் வழுக்கும், காற்று ஆளைத் தள்ளும் என்பதால் வந்த ஏற்பாடு. அங்கே ஆபத்து வெயிலிலும் மூச்சிலும் இருக்கிறது. சதுரகிரியில் 2015 மே மாதம் கோடை மழையில் ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும்தான் அனுமதி. 1862-ல் ஆனைமுடியில் ஏறியதாகப் பதிவாகியிருக்கும் முதல் ஆள், மெட்ராஸ் ராணுவத்தின் டக்ளஸ் ஹாமில்டன். தேதி மே 4. தென்மேற்குப் பருவமழைக்கு ஒரு மாதம் முன்னால். அதற்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் ஏறியிருப்பார்கள், எழுதி வைக்கவில்லை.

நான் எனக்காக எழுதி வைத்திருக்கும் குறிப்பு இது. பழனி மலை, போடி மலைப் பக்கத்துக்கு மட்டும்:

ஜனவரி: மேலே உறைபனி. பகல் நன்றாக இருக்கும், ராத்திரிக் குளிரைக் குறைத்து எடை போடக் கூடாது.

பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் நடு வரை: தீ. போகவே வேண்டாம்.

ஏப்ரல் கடைசி, மே: கோடை மழை, இடி, மின்னல். மேலே பெய்வது கீழே ஓடையில் நிற்பவனுக்குத் தெரியாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: மேற்குச் சரிவில் பேய்மழை, மூடுபனி, அட்டை.

அக்டோபர், நவம்பர்: வடகிழக்கு மழை, புயல், மண் சரிவு.

டிசம்பர் கடைசி, ஜனவரி: மழை விட்டு, புல் பச்சை குறையாமல், வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் நாட்கள்.

இதற்கு 2018-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. மார்ச்சில் குரங்கணித் தீ. ஆகஸ்டில் கேரள வெள்ளம், மூணாறு துண்டிக்கப்பட்டது. அதே சமயத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி பூத்தது. நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மரங்களைச் சாய்த்தது. ஒரே மலை, ஒரே வருஷம், நாலு முகம். அடுத்த குறிஞ்சி 2030-ல். அப்போது கூட்டம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

மலைக்குப் போகாதீர்கள் என்று எழுத வரவில்லை. நானே இன்னும் போகிறேன். இப்போது போவதற்கு முன் ஒரு வேலை செய்கிறேன். அந்த மலையடிவார ஊரில் யாராவது ஒருத்தருக்கு போன் போட்டு, "அண்ணே, புல்லு எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன். வானிலை ஆப் மழை வருமா என்று சொல்லும். புல் காய்ந்திருக்கா என்று சொல்லாது.

போன தையில் சித்தப்பாவிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். சரிவு, டிகிரி, இரண்டு மடங்கு, எட்டு மடங்கு. முழங்கால் வலியால் இப்போது அவர் நடப்பதில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து, ரோட்டில் போகும் காவடிக்காரர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பெரியவரு தீப்பெட்டி கொண்டாராதன்னு சொன்னாருன்னியே. அவரு பேரு என்னப்பா?"

கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. போட்டோவிலும் அவர் இல்லை. அதை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.